நுரைமொழியின் ஐந்தாம் நிலை

ஒசூரில் காலை ஆறரை மணிக்கு இப்போது யாரும் வாயில் நுரையோடு தலையை அண்ணாந்து கத்துவதில்லை. கத்தத் தேவையில்லை. குளியலறைக்குள்ளிருந்து ஒருவர் "ஹால் ஹொங்ஹுது" என்பார். அவர் கையிலிருக்கும் துலக்கி உடனே அவருடைய குரலிலேயே "பால் பொங்குது" என்று திருத்தமாகச் சொல்லும். அடுப்பை அணைக்க யாராவது ஓடுவார்கள்.

அந்தத் துலக்கிக்குப் பெயர் நுரைமொழி. மின்னேற்றித் தாங்கியில் நிற்கும்போது பார்த்தால் சாதாரண மின்துலக்கிதான். ஆனால் அதன் கழுத்தில் அரிசி அளவுக்கு ஒரு தாடை உணரி பதிந்திருந்தது. தூரிகை பற்களின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது தாடை எலும்பின் அதிர்வையும் நாக்கின் அசைவையும் படித்துவிடும். நுரையில் சிதைந்துபோன சொற்களை ஒட்டவைத்து, கைப்பிடியின் அடியிலுள்ள குட்டி ஒலிபெருக்கி வழியாகப் பேசும். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பல் துலக்கிக்கொண்டே அலுவலகத்துக்குப் போன் பேசினார்கள். பிள்ளைகள் பல் துலக்கிக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். பேச்சு சுவாரசியத்தில் எல்லோரும் இரண்டு நிமிடம் முழுதாகத் துலக்கியதால் பல் மருத்துவர்களுக்கும் மகிழ்ச்சி.

ஒரே ஒரு புகார்தான் வந்தது. வாயை அதிகம் திறக்காமல், உதட்டுக்குள்ளேயே பேசுகிறவர்களின் சொற்கள் கருவிக்குப் பிடிபடவில்லை. எனவே நிறுவனம் உணரியின் நுட்பத்தைக் கூட்டிக் குறைக்க ஐந்து நிலைகள் கொண்ட புதிய நுரைமொழியைச் செய்தது. கடைக்கு அனுப்புமுன் முப்பது வீடுகளில் பதினான்கு நாள் சோதித்துப் பார்க்க முடிவாயிற்று. அதில் ஒரு வீடு மார்க்கபந்துவுடையது.

மார்க்கபந்து பதினாறு ஆண்டுகளாக வீட்டுச் சோதகர். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, காற்றாடி என்று எதைக் கொடுத்தாலும் வீட்டில் வைத்துப் பயன்படுத்தி, சொன்னதைச் செய்கிறதா என்று எழுதித் தருவது அவர் வேலை. ஒரு மிக்ஸிக்கு நாற்பது பக்கம் எழுதுவார். வீட்டில் அவர் பேசுவதை எழுதினால் ஒரு பக்கம்கூட வராது. "ம்", "சரி", "உன் இஷ்டம்". பெரும்பாலும் இந்த மூன்றிலேயே குடும்பம் ஓடியது. மகள் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தாள். வீட்டில் அவரும் மனைவி மரகதமும்தான்.

மரகதம் மின்பேருந்துப் பணிமனையில் நேரக் கட்டுப்பாட்டு அலுவலர். நூற்றிருபது பேருந்துகள் அவள் சொன்னால் கிளம்பும், சொன்னால் நிற்கும். நுரைமொழிப் பெட்டி வீட்டுக்கு வந்த அதே வாரம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. நாகப்பட்டினத்தில் புதிதாகத் திறக்கும் பணிமனைக்கு அவளே தலைமை. இரண்டு வாரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

கடிதத்தைக் கணவனிடம் நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"என்னங்க சொல்றீங்க?"

"உன் இஷ்டம்."

மரகதம் கடிதத்தை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். 

சோதனை தொடங்கியது. பெட்டியில் மஞ்சளும் பச்சையுமாக இரண்டு துலக்கிகள் இருந்தன. மஞ்சள் அவளுக்கு, பச்சை அவருக்கு. மார்க்கபந்து வேலையில் குறை வைக்காதவர். தினமும் துலக்குவதற்கு முன்பு இரண்டு எள்ளுருண்டை தின்றார், மனைவியையும் தின்னவைத்தார். துலக்கி முடித்ததும், பல்லில் மிஞ்சும் அழுக்கைச் சிவப்பாகக் காட்டும் சாயமாத்திரையை மென்றுவிட்டு இருவரும் கண்ணாடி முன்னால் நின்று 'ஈ' என்று காட்டினார்கள். எத்தனை பல்லில் சிவப்பு என்று அவர் எண்ணிக் குறித்தார். இரண்டு நிமிடத்தில் துலக்கி தானாக நிற்கிறதா என்று விநாடிக் கடிகாரம் வைத்துப் பார்த்தார். நின்றது. ஈறு தேயாமலிருக்க, ஒருமுறை நின்றால் அடுத்த ஒரு மணி நேரம் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இயங்காது என்று கருவியின் கையேட்டில் போட்டிருந்தார்கள். அழுத்திப் பார்த்தார். சிவப்பு வளையம் எரிந்ததே தவிர இயங்கவில்லை. 'சரி' என்று எழுதிக்கொண்டார்.

முதல் மூன்று நிலைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் நான்காம் நிலைக்கு மாற்றினார்.

அன்று காலை அவர் பேசாமல்தான் துலக்கிக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து ரவை வறுக்கும் வாசனை வந்தது. கையிலிருந்த துலக்கி, அவருடைய குரலில், கணீரென்று சொன்னது:

"மறுபடியும் உப்புமாவா!"

கரண்டிச் சத்தம் நின்றது. மரகதம் குளியலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"என்னா சொன்னீங்க?"

மார்க்கபந்து நுரையோடு பலமாகத் தலையாட்டினார். ஒன்றும் சொல்லவில்லை என்று காட்டக் கையையும் ஆட்டினார். துலக்கி விடவில்லை. "கேட்டுடுச்சு. செத்தேன்" என்றது.

மரகதம் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இருவத்திரெண்டு வருஷமா உங்களுக்கு உப்புமா உசிருன்னு நெனைச்சிட்டு இருக்கேன்!"

மார்க்கபந்து வாய் கொப்பளித்துவிட்டு முதல் வேலையாகக் குறிப்பேட்டை எடுத்தார். 'பிழை. வாய்விட்டுச் சொல்லாததையும் சொல்கிறது. மனத்துக்குள் ஒரு சொல்லை நினைத்தால் நாக்கும் தாடையும் அறியாமல் இம்மியளவு அசையும். கருவி அதையும் படித்துவிடுகிறது.'

மறுநாள் மரகதத்தின் முறை. மஞ்சள் துலக்கி அவள் குரலில் நிதானமாகச் சொன்னது: "இந்த மனுஷன் கையில எந்நேரமும் இந்த பிரஷ்ஷைக் குடுத்து வெச்சா நல்லா இருக்கும்." இந்த முறை மார்க்கபந்து சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து அவள் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

பதினோராம் நாள் ஐந்தாம் நிலை. மறுநாள் மரகதம் நாகப்பட்டினத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள்.

அவள் முதலில் துலக்கினாள். மார்க்கபந்து கடிகாரத்தோடு வாசலில் நின்றார். முதலில் ஒன்றும் வரவில்லை. நாற்பதாவது விநாடியில் துலக்கி பேசத் தொடங்கியது.

"நாளைக்குப் பதில் சொல்லணும். எனக்குப் போகணும். ஆசையா இருக்கு. ஆனா தனியாப் போயி தனியா ஒரு வீட்டைப் புடிச்சு, சாயங்காலம் கதவைத் திறந்தா உள்ள யாரும் இல்லாம... என்னால முடியாது. கூட வரேன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்ன? உன் இஷ்டமாம். நான் போனா என்ன, இருந்தா என்ன இவருக்கு."

மரகதம் துலக்கியை வாயிலிருந்து இழுத்தாள். சத்தம் நின்றது. கண்ணாடியில் இருவர் பார்வைகளும் சந்தித்தன. அவள் உதட்டில் நுரை வழிந்தது. அதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மார்க்கபந்து வாயைத் திறந்தார். எத்தனையோ முறை போல அன்றும் ஒன்றும் வரவில்லை. அவள் முகம் மெல்ல வாடுவதைக் கண்ணாடியில் பார்த்தார். சட்டென்று கையை நீட்டித் தாங்கியிலிருந்த பச்சைத் துலக்கியை எடுத்தார். பற்பசைகூட வைக்கவில்லை. அப்படியே வாயில் போட்டுப் பொத்தானை அழுத்தினார்.

துலக்கி பேசியது. முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு வேகமாக.

"இல்ல. அப்படி இல்ல மரகதம். போன்னு சொன்னா நான் உன்னை விரட்டற மாதிரி இருக்கும். போகாதன்னா உன் பொழைப்பைக் கெடுக்கற மாதிரி இருக்கும். எதைச் சொன்னாலும் தப்பாயிடுமோன்னுதான் உன் இஷ்டம்னேன். அந்தக் கடுதாசியைப் படிச்சப்போ எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா? மறுநாள் கடைத்தெருவுல பாக்கற ஆளுங்ககிட்டலாம் சொன்னேன். உங்கிட்ட சொல்லலை."

மரகதம் கண்ணாடியை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"என் வேலைக்காக ரெண்டு தடவை உன்னை ஊர் மாத்தினேன். வேலூர்லேர்ந்து சேலம், சேலத்துலேர்ந்து இங்க. வரியான்னு உன்னை ஒரு வார்த்தை கேக்கலை. மூட்டையைக் கட்டுன்னேன், நீ கட்டினே. இப்ப நீ கூப்பிடாம, நானா எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு வந்து—"

துலக்கி நின்றுவிட்டது. இரண்டு நிமிடம் முடிந்திருந்தது.

மார்க்கபந்து பொத்தானை அழுத்தினார். சிவப்பு வளையம் எரிந்தது. மீண்டும் அழுத்தினார். மீண்டும் சிவப்பு. இரண்டு மூன்று முறை கையால் தட்டிப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றாள் மரகதம். "வந்து?"

அவர் துலக்கியை வாயிலிருந்து எடுத்தார். அதைத் தாங்கியில் வைப்பதா கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"வந்து..." என்றார். "நானும் வரேன். என்னையும் கூட்டிட்டுப் போ."

அவருடைய வாயால் அவர் சொன்னது. மரகதம் அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் சிரித்தாள். சிரித்த வேகத்தில் வாயிலிருந்த நுரை அவர் சட்டையில் தெறித்தது.

"அலமாரியில இருக்கற ஒம்போது மிக்ஸியையும் தூக்கிட்டு வருவீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு போதும்."

"எது?"

அது பெரிய கேள்வி. எந்த மிக்ஸியில் சட்னி நன்றாக அரைபடும், எதில் மாவு சூடாகும், எதன் மூடி எப்போது கழன்று சுவரெல்லாம் தெறித்தது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அவளும் கேட்டாள், மறுத்தாள், கிண்டல் செய்தாள். பணிமனைப் பேருந்து கீழே வந்து ஒலியெழுப்பிவிட்டுப் போனது இருவருக்கும் கேட்கவில்லை. தாமதமாக வரும் ஓட்டுநர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் மரகதம், பணியில் சேர்ந்த பிறகு முதன்முறையாக அன்று ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாள். ஓட்டுநர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

சோதனையில் இன்னும் மூன்று நாள் மிச்சமிருந்தது. அந்த மூன்று நாளும் ஐந்தாம் நிலையில் துலக்கிகள் வாயே திறக்கவில்லை. பழுதாகிவிட்டதோ என்று மார்க்கபந்து உணரியைச் சோதித்தார். நன்றாகத்தான் இருந்தது. பிறகுதான் அவருக்கு விளங்கியது. மனத்தில் எது வந்தாலும் இருவரும் அவ்வப்போதே சொல்லிவிடுகிறார்கள். முணுமுணுக்க எதுவும் மிஞ்சவில்லை. 'பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் நாள்கள்: ஒன்றும் பதிவாகவில்லை. காரணம் கருவியில் இல்லை' என்று எழுதினார்.

அறிக்கை முப்பத்தாறு பக்கம் வந்தது. அழுக்கு நீக்கம் பத்துக்கு ஒன்பது. கடைவாய்ப் பல்லின் பின்புறம் கொஞ்சம் எள் தங்குகிறது. தாங்கிக்கு மின்சாரம் கொடுக்காமல் பதினான்கு நாள் ஓட்டியும் மின்னேற்றம் நாற்பது விழுக்காடு மீதி, நன்று. பேச்சுத் தெளிவு பத்துக்குப் பத்து. கடைசிக் கேள்வி: 'உங்கள் சொந்தப் பணத்தில் இதை வாங்குவீர்களா?'

நெடுநேரம் யோசித்தார். பொய் எழுதிப் பழக்கமில்லை. 'மாட்டேன். எங்களுக்கு இனி இது தேவைப்படாது' என்று எழுதினார்.

ஒரு வாரம் கழித்து, நுரைமொழியை வடிவமைத்த பொறியாளர் தமயந்தி அவருக்குப் போன் செய்தாள். குரலில் கலக்கம் தெரிந்தது.

"சார், உங்க ரிப்போர்ட்டைப் படிச்சேன். எல்லாத்துக்கும் நல்ல மார்க் போட்டுட்டு வாங்க மாட்டேன்னு எழுதியிருக்கீங்க."

"உண்மையைத்தாம்மா எழுதினேன்."

"நீங்க மட்டும் இல்ல சார். முப்பது வீட்டுல இருவத்தாறு வீடு அதேதான். அருமையான கருவி, வேணாம். ஒரு வீட்டுல அண்ணன் தம்பி ஏழு வருஷமாப் பேசலை. அஞ்சாம் நிலையில வெச்சதும் ரெண்டாம் நாளே பேசிட்டாங்க. அவங்களும் வேணாங்கறாங்க. எங்க முதலாளி தலையில கையை வெச்சிட்டு உக்காந்திருக்கார். பல்லு தினமும் துலக்கணும்ல சார், பதினாலு நாள்ல தேவை தீர்ந்துபோற துலக்கியை எப்படி விக்கறது?"

"மிச்சம் நாலு வீடு?"

"அவங்க தனியா இருக்கறவங்க சார். பேச்சுத் துணைக்கு வேணுங்கறாங்க."

"அவங்களுக்கு அதை அப்படியே குடுத்துடுங்க" என்றார் மார்க்கபந்து. தமயந்தியும் அதைத்தான் செய்தாள்.

நிறுவனம் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது. முதல் மூன்று நிலைகள் உள்ளதைக் கடையில் விற்றார்கள். ஐந்தாம் நிலை உள்ளதை வாடகைக்கு விட்டார்கள், வீட்டுக்குப் பதினான்கு நாள், ஒவ்வொரு வீட்டுக்கும் புதுத் தூரிகைத் தலை. முன்பதிவு குவிந்தது. மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் மார்க்கபந்துவும் மரகதமும் நாகப்பட்டினத்தில் குடியேறிவிட்டார்கள். சாயங்காலம் அவள் கதவைத் திறந்தால் உள்ளே அவர் அன்றைய கதையோடு காத்திருப்பார். சில நாள் அவளே, "கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுப் பேசுங்களேன்" என்பாள். ஒருநாள் தமயந்தி நலம் விசாரிக்க அழைத்தாள்.

"வாடகைத் தொழில் எப்படிம்மா போகுது?"

"பதிவு அமோகம் சார். ஆனா துலக்கிங்க எல்லாம் கிடங்குல பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டு சும்மா நிக்குது."

"ஏன்?"

"கருவி வீட்டுக்கு வர ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடி ரத்து பண்ணிடறாங்க. நம்ம மனசுல இருக்கறதை அது போட்டு உடைக்கறதுக்குள்ள நாமளே சொல்லிடலாம்னு தோணுதாம். ரத்துக்குக் காரணம் எழுதச் சொன்னா முக்கால்வாசிப் பேர் ஒரே வரிதான் எழுதறாங்க. 'வருவதற்குள் பேசி முடித்துவிட்டோம்.'"

மார்க்கபந்து வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க வீட்டுல வெச்சுப் பாத்தீங்களா?"

"எனக்கும் எங்க அம்மாவுக்கும் சேர்த்துப் பதிவு பண்ணியிருந்தேன் சார். வர்ற வியாழக்கிழமை எங்க முறை."

"நல்லது."

"இல்ல சார்" என்றாள். அவள் சிரிப்பது போனில் கேட்டது. "நேத்துதான் ரத்து பண்ணினேன்."