உறைந்து நின்ற எலிகள்

காலை ஒன்பதே கால். எலி அறையில் மணி ஒலித்ததும் ஆறு எலிகளும் ஆடாமல் அசையாமல் உறைந்து நின்றன. ஆராய்ச்சி மாணவி ஹம்சினி சட்டென்று மணியை நிறுத்தினாள்.

அந்த மணியோடு மின்னதிர்ச்சி கொடுத்து அவற்றுக்குப் பயத்தைப் பழக்கியவள் அவள்தான். பிறகு அதிர்ச்சியே இல்லாமல் மணியை மட்டும் ஒலித்து ஒலித்து, மூளையின் முன்பகுதி அந்தப் பயத்தை அடக்கக் கற்றுக்கொள்ளும் என்று காட்டியவளும் அவள்தான். நேற்று மாலை மணி கேட்டும் அவை பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன.

"பொய் ரிசல்ட் காட்டியிருக்கே. உன் தீசிஸை நிறுத்தச் சொல்லப்போறேன்" என்றார் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வெங்கடநாராயணன். அடங்கிய பயம் திரும்பியே தீரும் என்று எழுதிப் பேர் வாங்கிய மனுஷர்.

"யாரோ மறுபடி ஷாக் கொடுத்திருக்கா சார். சாவி நம்ம மூணு பேர்கிட்டதான் இருக்கு."

"குளிர் ஆரம்பிச்சப்புறம் இன்னிக்குத்தான் இந்த ரூம்ல காலே வெக்கறேன்."

மூன்றாவது சாவிக்காரி, வங்காளி உதவியாளர் மேக்னா, அழுதேவிட்டாள். "நான் இல்லே, ஹம்சினி தீதி!"

எலி அறைக்குள் கம்பளி உடுப்பு கூடாது, வாசனை ஆகாது. வாசல் கொக்கியில் மூன்று தொங்கின. கரியாஹாட் கடைத்தெருவில் வாங்கிய ஹம்சினியின் புது ஸ்வெட்டர். பூச்சி அரிக்காமலிருக்கக் கருஞ்சீரக முடிச்சோடு பெட்டியில் கிடந்த மேக்னாவின் கார்டிகன். பாச்சை உருண்டை நெடியடித்த பேராசிரியரின் சால்வை. ஹம்சினி அவற்றை வெறித்துப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போய் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் விஜயாவைக் கையோடு அழைத்து வந்தாள்.

இந்த முறை மணி ஒலிக்கவில்லை. ஸ்வெட்டரைக் கூண்டருகே நீட்டினாள். எலிகள் ஓடித் திரிந்தன. கார்டிகனுக்கும் அப்படியே. சால்வையை நீட்டியதும் ஆறும் உறைந்தன. ஷாக்கே அறியாத அடுத்த கூண்டு எலிகளோ அதே சால்வையை மோந்து பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தன.

"நீங்கதான் சார்!" ஹம்சினியின் குரல் உயர்ந்தது. "வலிக்கறப்போ எலி மணியை மட்டும் ஞாபகம் வெச்சுக்காது. அப்போ அடிச்ச வாசனையும் சேர்ந்துதான் பதியும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். பார்க்க யாரும் இல்லேன்னு சால்வையைப் போர்த்திண்டே உள்ளே வந்திருக்கேள்."

"எலி சொல்றது ஒரு சாட்சியா?" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

விஜயா அவரிடம் கையை நீட்டினார். "சாவியைக் கொடுங்கோ." பிறகு ஹம்சினியைப் பார்த்து, "உன் தீசிஸை யாரும் நிறுத்த முடியாதும்மா" என்றார்.

ஹம்சினிக்கு ஆத்திரம் தணியவில்லை.

"தீசிஸ் இருக்கட்டும் மேடம். முதல்ல சால்வையோட இவரை வெளியே போகச் சொல்லுங்கோ. அதுகள் இன்னும் பயந்து நிக்கறதுகள்."