மூன்று கோழிக்கு இரண்டு டயர்

ஹல்கொல்லைத் தோட்டத்தில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். ஆனால், ஏற்றத்தில் கால் ஊன்றாமல் ஓட்டத் தெரிந்தவள் ஒரே ஒருத்திதான். அவள் ஜீவராணியின் அக்கா ஷாமிளா.

சும்மா சொல்லக்கூடாது, பொல்லாத ஏற்றம் அது! கீழே கண்டி ரோட்டுப் பாலத்தில் தொடங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் வந்துதான் நிற்கும். பாதி தூரம் தார், மீதி தூரம் கல்லு. தோட்டத்து லொறிகூட நடுவில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறும். ஷாமிளாவோ சீட்டிலிருந்து எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, விறுவிறுவென்று ஏறி வந்துவிடுவாள்.

தினமும் காலையில் அக்கா பாலம்வரை இறங்கித் திரும்பி ஏறி வரும் நேரத்தைப் பார்க்க, அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஜீவராணி லயத்து வாசலில் நிற்பாள். அவளுக்குப் பதினொரு வயது. கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை ஓடும்.

"நாப்பத்தொரு நிமிசம், அக்கா! நேத்தைய விட அரை நிமிசம் கொறைவு!"

இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள்? பள்ளிக்கூடத்தில் யாராவது வாயைத் திறந்தால் போதும், ஜீவராணி அக்கா புராணத்தைத் தொடங்கிவிடுவாள்.

இன்னும் மூன்று வாரத்தில் கேகாலையில் மாவட்ட சைக்கிள் போட்டி. அதில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ரத்தினபுரியில் நடக்கும் மாகாணப் போட்டிக்குப் போகலாம். அந்தத் தோட்டத்திலிருந்து இதுவரை யாரும் கேகாலைப் போட்டிக்கே போனதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் டயர் காலை வாரியது.

சனிக்கிழமை காலையில் ஷாமிளா சைக்கிளை ஓட்டி வரவில்லை. தோளில் தூக்கி வந்தாள். பின் டயர் வாயைப் பிளந்து கிடந்தது. முன் டயரும் தேய்ந்து தேய்ந்து உள்நூல் வெளியே தெரிந்தது.

அப்பா ஐயாவு இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குப் பேட்ச் போட முடியாது. இருக்கிறதே பேட்ச் மட்டுந்தான். இனி பேட்சுக்குத்தான் டயர் போடணும்."

யாரும் சிரிக்கவில்லை. ஷாமிளா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரம் ஓட்டிப் பழகாமல் போட்டிக்குப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா வெளியே போனாள். பலாமரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்த மூன்று கோழிகளையும் பிடித்தாள். பக்கத்து லயத்தில் கல்யாணம். கோழிகள் அங்கே போயின, காசு இங்கே வந்தது.

"இருந்தது மூணு கோழி, மூணும் போச்சு," என்றாள் அம்மா. "நாலாவது கோழி நம்மகிட்ட இல்ல. பாத்து வாங்கிட்டு வாங்க."

"ஜீவராணியும் போகட்டும்," என்றார் அப்பா.

"இவ எதுக்கு?" என்றாள் ஷாமிளா.

"டயரும் ரப்பர்தானே? நீ சைக்கிளப் பாரு. அவ ரப்பரப் பாக்கட்டும்."

அப்பாவுக்குப் புகைக்கூட்டில் வேலை. புகையில் காய்ந்த ரப்பர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நம்பர் ஒன்று, நம்பர் இரண்டு, நம்பர் மூன்று என்று பிரித்து அடுக்க வேண்டும். தேத்தண்ணி கொண்டுபோகும் சாக்கில் ஜீவராணி அங்கேயே நின்று வேடிக்கை பார்ப்பாள். அப்பா சொல்வதற்கு முன்பே "நம்பர் ரெண்டு!" என்று கத்துவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஒரே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டாள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு ஒரு நல்ல சீட்டைத் தொட்டுவிட்டாள். "எண்ணெக் கையோட ரப்பரத் தொடாதடி! எண்ணெயும் ரப்பரும் சென்மப் பகை!" என்று அப்பா போட்ட சத்தத்தில் புகைக்கூட்டு வௌவால்கள்கூடப் பறந்தன. பிசுபிசுத்துப் போன அந்தச் சீட்டு நம்பர் மூன்றுக்கு இறங்கியது. ஜீவராணி அதை இன்னும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தங்கையும் மாவனல்லைக்குப் போனார்கள். புறப்படும் முன் பழைய டயரில் இருந்த அளவை ஜீவராணி உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்: இருபத்தேழு, ஒன்றேகால்.

மஹ்ரூப் நானாவின் சைக்கிள் கடையைத் தேடவே வேண்டியதில்லை. வாசலில் வரிசையாகத் தொங்கும் டயர்கள் வெயிலில் பளபளவென்று மின்னும். பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

உள்ளே சாரம் கட்டிய ஒருவர் சைக்கிள் மணி ஒன்றை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் டயர்களைப் பார்த்து, "ஷோக் டயர் முதலாளி!" என்று சிங்கள ராகத்தில் சொன்னார். மஹ்ரூப் நானாவின் முகம் டயரைவிடப் பளபளத்தது.

"வாங்க மகள்மார், வாங்க! என்ன வேணும்?"

ஷாமிளாவின் கண் ஏற்கெனவே ஒரு டயரில் ஒட்டிக்கொண்டது. ஒல்லியான டயர். ஓரத்தில் சுற்றிலும் சிவப்புக் கோடு.

"ஜீவா, இதுதான்டி! ரேஸ் சைக்கிளுக்குப் போடுறது!"

"நல்ல கண்ணு மகளுக்கு," என்றார் நானா. "பழைய வெலைக்கே தாறன். சோடியா எடுத்தா இன்னும் கொறைப்பன்."

விலையைக் கேட்டு ஜீவராணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டு டயருக்கும் இரண்டரைக் கோழி. அளவையும் உள்ளங்கையோடு ஒப்பிட்டாள். அகலம் கொஞ்சம் குறைவு, ஆனாலும் சக்கரத்துக்குப் பொருந்தும். எல்லாம் சரிதான்.

பிறகு கட்டைவிரல் நகத்தால் டயரை அழுத்தினாள். நல்ல ரப்பர் என்றால் நகம் எடுத்ததும் தடம் மறைய வேண்டும். இங்கே தடம் அப்படியே நின்றது. விரலில் ஏதோ பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தாள். காலையில் அம்மா தலை வாரிவிடும்போது வருமே, அதே வாசம்!

ஐயையோ, தேங்காய் எண்ணெய்!

வாய்வரை வந்த வார்த்தையை ஜீவராணி விழுங்கிக்கொண்டாள். மணி வாங்க வந்தவர் இன்னும் நிற்கிறார். நானாவோ டயர்களைப் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாலு பேர் முன்னால் சொன்னால் அவர் முகம் என்ன ஆகும்?

"நானா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மணி வாங்க வந்த அந்த மாத்தயா போனதுக்கு அப்புறம் சொல்றேனுங்க."

"என்னடி ரகசியம்?" என்று ஷாமிளா முறைத்தாள்.

மணிக்காரர் மணியை வாங்கிக்கொண்டு போனார். ஜீவராணி மெதுவாகக் கேட்டாள்:

"இந்த டயருக்குத் தேங்காண்ண பூசுறீங்களா, நானா?"

"அட, கண்டுபிடிச்சிட்டியே!" நானாவுக்கு ஒரே சந்தோசம். "நாலு வருசமா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிஞ்சி வந்து என்ட கையாலேயே பூசுறன்." தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "இங்க பூச ஒண்டும் மிச்சமில்ல. டயருக்காவது பூசுவமே எண்டுதான்!"

ஜீவராணிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்தச் சிவப்புக் கோட்டு டயரை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தாள். வளைந்த இடத்தில் தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள் வாயைத் திறந்தன. ஒன்றல்ல, நூறு.

"எண்ணெ ரப்பரத் தின்னுடுமுங்க. அதோட வெயிலும் பட்டிருக்கு. அப்பா எங்களத் தல வாரின கையோட சீட்டுப் பக்கமே விடமாட்டாரு."

நானா அந்த வெடிப்புகளையே பார்த்தார். அடுத்த டயரை வளைத்தார். அதற்கடுத்ததையும் வளைத்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அல்லாஹ்வே! அழகாக்குறன் எண்டு நினைச்சு நானே கெடுத்துப் போட்டேனே. எத்தின பேர் இதை வாங்கிட்டுப் போனாங்களோ! வந்து கேட்டா மாத்திக் குடுக்கத்தான் வேணும்."

அப்படிச் சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து, தொங்கிய டயர்களை ஒவ்வொன்றாகத் தானே கழற்றிக் கீழே போட்டார். இதை எல்லாக் கடைக்காரரும் செய்வார்களா? ஜீவராணிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

"எண்ணெ படாத டயர் வேற இருக்குங்களா?"

"இரிக்கு. ஆனா பாத்தா சிரிப்பீங்க."

கடையின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, கோணிச் சாக்கில் சுற்றி ஒரு சோடி இருந்தது. தூசி தட்டியதும் மூன்று பேரும் தும்மினார்கள். தடித்த டயர், மண் நிறம், பல் பல்லாக மேடு. பளபளப்பு மருந்துக்கும் இல்லை. அதனால் யாரும் வாங்கவில்லை, அதனால் நானாவும் எண்ணெய் பூசவில்லை.

ஜீவராணி நகத்தால் அழுத்தினாள். தடம் சட்டென்று மறைந்தது. வளைத்தாள். ஒரு வெடிப்பும் இல்லை. முகர்ந்தாள். புது ரப்பர் வாசம் மட்டுமே வந்தது. அகலம் கொஞ்சம் கூட, ஆனாலும் சக்கரத்துக்குப் பொருந்தும்; விலையும் மூன்று கோழிக்குள் அடங்கியது.

"நம்பர் ஒண்ணு!" என்று கத்தினாள்.

"டிரக்டருக்குப் போடுற டயர் மாதிரி இருக்கு," என்றாள் ஷாமிளா. அவள் குரல் உடைந்திருந்தது. "இதப் போட்டுகிட்டு ரேஸ் ஓடச் சொல்றியா?"

"ரேஸ் ஒரு நாளுதான் அக்கா. அதுக்கு முந்தி மூணு வாரம் நம்ம கல்லு ரோட்டுல ஓடணுமே. அந்த ஒல்லி டயரு மூணு நாளு தாங்குமா?"

ஷாமிளா சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். நாலாவது கோழி இல்லை என்பதும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். காசை நானாவிடம் நீட்டினாள். ஆனால், வீடு வரும்வரை ஜீவராணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் நாள் ஓட்டம். ஜீவராணி கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"நாப்பத்தாறு நிமிசம்," என்றாள், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

"அஞ்சு நிமிசம் கூட! பாறாங்கல்லக் கட்டி இழுக்கிற மாதிரி இருக்குடி. மூணு கோழியையும் வீணாக்கிட்ட!"

ஜீவராணி பலாமரத்தடிக்குப் போய் அழுதாள். ரப்பர் சரிதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால், தன்னால் அக்கா தோற்றுவிட்டால்?

என்றாலும் மறுநாள் காலையில் கடிகாரத்தோடு வாசலில் நின்றாள். அக்கா பேசாவிட்டால் போகிறாள், நேரம் யார் பார்ப்பது?

நாற்பத்தைந்து நிமிடம். நான்கு நாள் கழித்து நாற்பத்து நான்கு. மழை கொட்டியது, ரோட்டில் கூர்க்கல் கிளம்பியது. டயருக்கு ஒரு கீறல் இல்லை. ஷாமிளா ஒருநாள்கூட விடவில்லை. வியர்த்து விறுவிறுக்க வந்து இறங்குவாள், அடுத்த நாள் மறுபடி போவாள். அடேயப்பா, என்ன பிடிவாதம்! லயத்துக்காரர்கள் எல்லாரும் கோப்பைத் தேத்தண்ணியோடு வாசலில் வந்து நின்று கைதட்டத் தொடங்கினார்கள்.

பத்தொன்பதாவது நாள்.

ஜீவராணி கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தாள். ஓடுகிறதுதான்.

"அக்கா... நாப்பது!"

"என்ன?"

"நாப்பது நிமிசம்! பழைய டயர விட ஒரு நிமிசம் கொறைவு!"

ஷாமிளா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, வியர்வை சொட்டச் சொட்டத் தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

"டயர் பாரம், பாரம்னு திட்டினேன்டி. அந்தப் பாரத்த இழுத்து இழுத்துத்தான் என் காலு இப்பிடி உறுதியாகியிருக்கு. உன்னையும் திட்டிட்டேன், ஜீவா. மனசுல வச்சுக்காத."

"வச்சுக்கல. வேர்வை நாறுது, விடுக்கா!"

கேகாலையில் இருபத்திரண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டு மூன்று பேர் ஷாமிளாவின் டயரைக் காட்டிச் சிரித்தார்கள். கடைசி ஏற்றம் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. சீட்டிலிருந்து எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஷாமிளா ஒவ்வொருவராகத் தாண்டினாள். அப்பாவின் தோளைப் பிடித்துக் குதித்துக் குதித்து ஜீவராணி கத்தினாள்.

மூன்றாவது இடம்! நாலாவதாக வந்தவளைவிட அரைச் சக்கரம்தான் முந்தினாள். ரத்தினபுரிக்குப் போக அந்த அரைச் சக்கரம் போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, லயத்து ஏற்றத்தில் வந்தார். வழுக்கைத் தலை வெயிலில் பளபளத்தது.

"மஹ்ரூப் நானா!" என்று ஜீவராணி ஓடினாள்.

"வெள்ளிக்கிழமையில எனக்கு இப்ப வேலையில்லையே மகள், எண்ணெ பூசுறத விட்டாச்சு! டயரெல்லாம் இப்ப நிழல்ல, கோணில. வாறவங்க எல்லாரும் ஒன்னப்போல நகத்தால அழுத்திப் பாத்துத்தான் வாங்குறாங்க. அக்கா ஜெயிச்சதையும் கேள்விப்பட்டன். சும்மா கையோட வரலாமா?"

பின்சீட்டில் கட்டியிருந்த கூடையை இறக்கித் திறந்தார். உள்ளே ஒரு செவலைக் கோழி கழுத்தை நீட்டி எல்லாரையும் பார்த்தது.

அம்மா வாயில் கை வைத்தாள். "நாலாவது கோழி!"

"ஜீவா, நீ சோதிச்சுப் பாக்காம நாங்க வாங்க மாட்டோம்," என்றாள் ஷாமிளா.

ஜீவராணி கோழியைத் தூக்கினாள். இறக்கையை விரித்துப் பார்த்தாள். மூக்கை வைத்து நன்றாக முகர்ந்தாள்.

"எண்ணெ வாசமே இல்ல," என்றாள். "நம்பர் ஒண்ணு!"