காலையில் மாறிய பதில்

காலை 9.50. நீச்சல் முடித்து அறைக்குத் திரும்பிய விருந்தாளி அம்மாள் போட்ட கூச்சலில் ஹோட்டலே அதிர்ந்தது. மேசைமேல் இருந்த வைர நெக்லஸைக் காணோம். பூட்டு உடையவில்லை. சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள்.

ஒன்பது மணியிலிருந்து, அன்று வேலைக்கு வந்த ஊழியர்கள் அத்தனை பேரும் கீழ்த்தளத்தில், இங்கிலீஷ் டீச்சரின் வகுப்பில் இருந்தார்கள். வரவேற்பில் தனியாக நின்றவள் ஒருத்திதான். விருந்தாளி அறைகளைத் திறக்க அப்போது ஹோட்டலில் இருந்த ஒரே பொதுச் சாவியும் அவளிடம்தான். அவள் டீச்சரின் கூடப்பிறந்த தங்கை.

அந்த வகுப்பே ஒரு புகாரால் வந்த வினை. 'தேங்க்ஸ்' சொன்னால் இங்கே எல்லோரும் 'நோ ப்ராப்ளம்' என்பார்கள். "நான் என்ன உங்களுக்குப் பிரச்சினையா குடுத்தேன்?" என்று வயதான விருந்தாளி ஒருவர் எகிறிவிட்டார். இளசுகளுக்கு மரியாதையாகப் படுவது பெரியவர்களுக்குத் திமிராகப் படுகிறது. இங்கிலீஷ் தன் பாட்டுக்கு மாறும். திட்டு வாங்குவது சம்பளக்காரன். இன்றிலிருந்து 'மை ப்ளெஷர்' என்றே சொல்ல வேண்டும் என்று மேனேஜர் காலையில்தான் டீச்சரிடம் சொன்னார். அவளும் தொண்டை கிழிய எல்லோரையும் கத்த வைத்தாள்.

போலீஸ் வந்ததும், வகுப்பில் இருந்தவர்களை அங்கேயே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். டீச்சரை மட்டும் மேனேஜர் தன் அறைக்கு அழைத்துக்கொண்டார்.

"மேசையை விட்டு எங்கயாவது போனியாம்மா?" என்று அங்கே நின்ற தங்கையிடம் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார்," என்றாள் தங்கை.

"சாவி?"

"என்கிட்டயேதான் இருந்துது. சத்தியமா நான் எடுக்கல."

"சரி, ஜீப்ல ஏறு."

ஜீப்பில் ஏறினால் வேலையும் போச்சு, பேரும் போச்சு.

அப்போதுதான் ஹவுஸ்கீப்பிங் அக்கா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். அவளுக்கு இன்று விடுப்பு; மேனேஜர்தான் போன் போட்டுச் சாவிகளோடு வரவழைத்திருந்தார்.

"சார், இது ரூம்களைத் திறக்க என்கிட்ட இருக்கற சாவி. இது துணி ஸ்டோர் சாவி. நீங்களே வெச்சுக்குங்க."

"தேங்க்ஸ்மா," என்று வாங்கிக்கொண்டார் மேனேஜர்.

"மை ப்ளெஷர் சார்."

டீச்சருக்குச் சுரீரென்றது. ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது? சிரித்துவிட்டால்? தங்கை வாசற்படியைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு நம்ம ஆளுங்க யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"எங்க பேசறது? வீட்லேர்ந்து நேரா இங்கதான் வரேன்."

"சார், என் தங்கச்சியை விடுங்க. எடுத்தது இவங்கதான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நேத்து வரைக்கும் இவங்க வாயில நோ ப்ராப்ளம்தான் சார். புதுப் பதில் இன்னிக்குக் காலையிலதான் வந்துது. வகுப்புக்கும் துணி ஸ்டோருக்கும் நடுவுல ஒரு பலகைத் தடுப்புதான். பின்வாசல் வழியா வந்து அங்க ஒளிஞ்சிருந்திருக்காங்க. நாங்க கத்தினது காதுல விழுந்து நாக்குல ஒட்டிக்கிச்சு."

"டிவில கேட்டிருப்பேன்!" என்று சீறினாள் அக்கா.

"அப்ப ஸ்டோரைப் பார்த்துடலாமே. வழியில யாராவது பிடிச்சா கையில இருக்கக் கூடாதே. நகை அங்கதான் இருக்கணும்."

அக்காவின் முகம் வெளிறியது. கான்ஸ்டபிள் போனார். டீச்சருக்கு ஒவ்வொரு நொடியும் யுகமாக இருந்தது. துண்டு அடுக்கின் அடியிலிருந்து நெக்லஸ் வந்தது. அந்த ஸ்டோருக்கு அக்காவின் சாவியைத் தவிர வேறு சாவி கிடையாது; பொதுச் சாவியும் அதற்குச் சேராது.

இன்ஸ்பெக்டர் தங்கையிடம் வந்தார். "மன்னிச்சுக்கம்மா. பொறுமையா பதில் சொன்னதுக்கு தேங்க்ஸ்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நோ ப்ராப்ளம் சார்."

திருத்துவதற்காக மேனேஜர் வாயைத் திறந்தார். டீச்சர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.