உண்ணி தீர்ந்த பிறகு

கோழிகளின் தீனிப்பை நிறைந்திருந்தது. தீவனத் தொட்டியும் நிறைந்திருந்தது. இரண்டும் ஒன்றாக நடக்க முடியாது என்பது அவளுக்குச் சற்றுப் பிறகுதான் உறைத்தது.

கோழிகள் அடையும் நேரத்தில் கூண்டு வாசலில் குந்தி, உள்ளே போகும் ஒவ்வொன்றின் கழுத்தடியையும் தடவிப் பார்ப்பது அவள் வழக்கம். வயிறார மேய்ந்த கோழிக்கு அங்கே ஒரு சிறு பை புடைத்து நிற்கும். அழுத்தினால் உள்ளே தானியம் மணலைப் போல நறநறவென்று நழுவும். இன்று எதுவும் நழுவவில்லை. பை கொழகொழவென்று வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்திய விரலின் பள்ளம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. கையை மூக்கருகே கொண்டுபோனாள். இறகு வாடை, எச்ச வாடை, அதற்கும் அடியில், கறி அறுத்துக் கழுவாமல் போட்ட கத்தியின் வாடை.

காலைத் தீவனம் அக்காவின் பொறுப்பு, மாலையில் கூண்டடைப்பது இவள் பொறுப்பு என்று வந்த அன்றே பேசிக்கொண்டதுதான். அதனால் தொட்டிப் பக்கம் அவள் போவதே இல்லை. ஆடு கோழித் தீவனத்தைத் தின்றால் வயிறு உப்பிச் செத்துவிடும் என்பதால், தொட்டியைச் சுற்றி மரச்சட்டம் அடித்து, கோழி மட்டும் குனிந்து நுழையும்படி அடியில் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியின் குறுக்கே ஒரு சிலந்தி முழு வலை கட்டி, நடுவில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

"அக்கா, கோழி தீவனம் எடுக்கறதே இல்ல போலிருக்கே?"

அக்கா பால் கறந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. "நீ மட்டும் என் சமையலை ஒழுங்காச் சாப்பிடறியா? உன் கோழியும் உன்னை மாதிரிதானே இருக்கும்."

"விளையாடாதே. வலையே கட்டியிருக்கு."

"வெளியில பூச்சி புழுன்னு நிறையக் கெடைக்குதுடி. தீவனம் மிச்சம்னு சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு."

அவள் சிரித்தாள். அக்காவின் பேச்சுக்குச் சிரித்துவிடுவது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். புருஷன் வீட்டுக் கதவு பின்னால் அடைபட்ட மறுநாள், யாரையும் கூப்பிட்டுச் சொல்வதற்கு முன்பே, அக்காவிடமிருந்துதான் அழைப்பு வந்தது. வந்துடு, இங்கே இடம் இருக்கு, உன் கோழியையும் கூடையில போட்டுக் கொண்டுவந்துடு. ஆடு மேலே இருக்கற புல்லைத் தின்னும், கோழி கீழே இருக்கறதைக் கிளறும், ஒண்ணை ஒண்ணு தொந்தரவு பண்ணாது, நாமும் அப்படியே இருந்துக்கலாம். அந்த வார்த்தையை அவள் போர்வையைப் போலப் போர்த்திக்கொண்டு வந்தாள். இந்த வீடும் இல்லை என்றால் அவளுக்கு வேறு வீடு கிடையாது. ஆகவே அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவது அவளுக்கு அன்பு மட்டுமல்ல, தலைக்கு மேல் இருந்த கூரையும் அதுதான்.

மறுநாள் நடுப்பகலில் அவள் மேய்ச்சலுக்குள் போய் நின்றாள்.

முதலில் அவளுக்குப் பட்டது சத்தம் இல்லாததுதான். ஆடு மேயும் இடத்தில் புல் அறுபடும் சரக் சரக் ஓயாது. கோழி கிளறும் இடத்தில் கொக்கொக்கென்ற முணுமுணுப்பு ஓயாது. இங்கே வேலிக் கம்பியில் காற்று உரசுவது கேட்டது. ஆடுகள் வெயிலில் கால் அகற்றித் தலையைத் தொங்கவிட்டு நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒன்றோ இரண்டோ கோழிகள். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆட்டின் மேல் நொய்யைத் தூவித் தூவி, ஏறி உண்ணி பொறுக்குவதற்குத் தன் கோழிகளைப் பழக்கியதே அக்காதான். மருந்துச் செலவு மிச்சம் என்று பெருமையாகச் சொல்வாள். இவளுடைய கோழிகளும் அவற்றைப் பார்த்துப் பழகிக்கொண்டன. ஆனால் உண்ணி பொறுக்கும் கோழி இடம் மாறும். கழுத்துக்குப் போகும், காது மடலுக்குப் போகும். இவை மாறவில்லை. ஒரே இடத்தில் அலகை இறக்கின. எடுத்தன. திரும்ப அதே இடத்தில் இறக்கின. அலகு இறங்கும்போது ஆட்டின் தோல் ஒரு முறை சிலிர்த்து அடங்கியது. ஆடு நகரவில்லை. அதன் கண் மட்டும் மெதுவாகத் திரும்பி இவளைப் பார்த்தது.

அவள் கை தட்டினாள். "ச்சூ!"

ஒரு கோழியும் பறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் தெருவோரம் வண்டிச் சத்தம் கேட்டது. தீவனக் கடைக்காரர் பக்கத்துப் பண்ணைக்கு மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, கோழியெல்லாம் இருக்கா, வித்தாச்சா?"

"இருக்கே. ஏன் கேக்கறீங்க?"

"உங்க அக்காதான் நம்ம கடைப் பக்கமே வர்றதில்லையே. நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கோழித் தீவனம் வேண்டாம்னுட்டாங்க. நீங்க வந்தப்போ ஒரே ஒரு மூட்டை, அதோட சரி. எந்தக் கடைக்காரன் இனாமாக் கொடுக்கறான்னு சொல்லுங்க, நானும் போய் வாங்கிக்கறேன்." தன் பேச்சுக்குத் தானே சிரித்தபடி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏம்மா, இதெல்லாம் ஏன் இப்படி நம்மளையே பாத்துட்டு நிக்குது?"

"ஆடு அப்படித்தான் பார்க்கும்."

"ஆட்டைச் சொல்லல."

அவள் திரும்பிப் பார்த்தபோது, முதுகுகளின் மேலிருந்த எல்லாக் கோழிகளும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் சொல்லிக்கொள்ளாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே. மதியம் முழுவதும் அந்த வார்த்தை அவளுக்குள் கடைவாய்ப் பல்லில் சிக்கிய நாரைப் போல நெருடிக்கொண்டிருந்தது. எதை மறைக்க அந்த ஒரு மூட்டை? யாருக்குக் காட்ட? எனக்குத்தான் என்ற பதில் தயாராக இருந்தது. அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். துணி மடித்தாள். மடித்ததைப் பிரித்துத் திரும்பவும் மடித்தாள்.

சாயங்காலம் சமையலறையில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் அவள் எப்போதும் போட்டுக்கொள்ளும் செத்துப்போன அத்தானின் முழுக்கைச் சட்டை. கழுத்துப் பொத்தான், மணிக்கட்டுப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தாள். சோப்புத் தண்ணீரில் சட்டைக் கை முழங்கை வரை நனைந்து தோலோடு ஒட்டிக் கிடந்தது. ஒட்டிய துணி சமமாக இல்லை. அங்கங்கே குழிந்திருந்தது.

"கையை மடிச்சு விட்டுக்கக் கூடாதா அக்கா?"

"குளிருதுடி."

அடுப்படியில் வியர்த்து ஊற்றியது.

"நான் என் கோழியைத் தனியாப் பிரிச்சுக்கறேன். நாளைக்கே குறுக்க வலை கட்டிடறேன்." சொல்லிவிட்டு அவள் தன்னைக் கெட்டியாக்கிக்கொண்டாள். அக்கா கத்துவாள், வந்த இடத்தில் சட்டம் பேசுகிறாயா என்பாள், சோற்றுக் கணக்கை இழுப்பாள்.

"சரி," என்றாள் அக்கா.

இந்த வயதுவரை அக்கா எதற்கும் ஒரே வார்த்தையில் சம்மதித்து அவள் பார்த்ததில்லை.

"சரி. அதுக்கு முன்னாடி கொட்டகைக்கு வந்து ஒரு கை கொடு. செவலை ஆடு, படுத்தவ எழுந்துக்கவே மாட்டேங்கறா. தூக்கி நிறுத்தணும்."

கொட்டகைக்குள் வெளிச்சம் பலகை இடுக்குகள் வழியாகக் கோடு கோடாக விழுந்து, தரையைத் தொடுவதற்குள் தேய்ந்துபோயிருந்தது. மூத்திர நெடி, காய்ந்த புல், ஆட்டு மயிரின் எண்ணெய்ப்பிசுக்கு. மற்ற ஆடுகள் பலகையோரம் நின்றிருந்தன; செவலை கடைசி மூலையில் கிடந்தது. அவள் மண்டியிட்டு அதன் முதுகில் கை வைத்தாள். மயிருக்கு அடியில் தோல் தட்டுப்படும் என்று நினைத்த இடத்தில் விரல் உள்ளே போனது. அடுத்த இடத்திலும். ரத்தம் இல்லை, சீழ் இல்லை, புழு இல்லை. சுத்தமான, உலர்ந்த, விரல் நுனி அளவுக் குழிகள். ஆடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, இங்க வாயேன், இதைப் பாரு..."

பின்னால் கதவின் குறுக்குக் கட்டை விழுந்தது. வெளிப்பக்கமாக.

"உண்ணி தீர்ந்துபோச்சுடி," என்றது அக்காவின் குரல் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "ஆனா அதுங்க நிறுத்தல. ஆடுங்க ஒண்ணொண்ணாப் படுக்க ஆரம்பிச்சுது. அப்பறம்தான் நான் கையை நீட்டினேன். நான் நீட்டினா ஆட்டைக் கொஞ்சம் விட்டுவைக்குதுங்க."

"கதவைத் திற."

"ஒரு கோழியை அறுத்துப் பார்த்தேன். மத்ததெல்லாம் அன்னைக்கு என் கட்டிலைச் சுத்தி வந்து அடைஞ்சிருந்துச்சு. சத்தமே போடல. பாத்துக்கிட்டே இருந்துச்சு."

"கதவைத் திற அக்கா."

"என்னால தனியா முடியலடி. எவ்வளவுதான் நானே கொடுப்பேன்?"

"அப்போ... நீ என்னை வரச் சொன்னது?"

அவள் காத்திருந்தாள். பொய்க்குக் காத்திருந்தாள். ஏதாவது ஒரு பொய். அதையும் நம்பியிருப்பாள்.

"உனக்குப் போக்கிடம் இல்லன்னு கேள்விப்பட்டேன்," என்றாள் அக்கா.

ஆடுகள் நகர்ந்தன. முட்டவில்லை, மிரளவில்லை. குளிருக்கு ஒண்டுவதைப் போல ஒவ்வொன்றாக வந்து அவள் மேல் சாய்ந்தன. இடுப்பில் ஒன்று. தோளில் ஒன்று. மடியில் ஒரு கனத்த தலை. வெதுவெதுப்பான எடை. தள்ளினாள். நகரவில்லை. கையை உருவப் பார்த்தாள். வரவில்லை. அவள் சாயச் சாய முதுகு பலகையில் போய் முட்டியது.

உத்தரத்தில் இறகு உதறும் சத்தம். இன்று கோழிகள் கூண்டுக்குப் போகவில்லை.

ஒன்று இறங்கியது.

இன்னொன்று.

அவள் கையால் தீனி தின்று வளர்ந்தவை. குஞ்சாக இருந்தபோது முந்தானையில் பொத்திக் காத்தவை. பெயர் சொல்லி அழைத்தாள். ஒன்று தலையைச் சாய்த்துக் கேட்டது. கேட்டுவிட்டு, புறங்கையில் அலகை இறக்கியது.

சுருக்கென்றது. பிறகு ஒன்றும் இல்லை. வலியே இல்லை. அதுதான் அவளைக் கத்த வைத்தது.

பலகை இடுக்கின் வழியாக ஒரு கை உள்ளே வந்தது. மணிக்கட்டுப் பொத்தான் கழன்று சட்டைக் கை பின்னுக்கு ஒதுங்கியிருந்தது. அந்தக் கையில் தோலைவிடக் குழிகள்தான் அதிகம். ஒரு குழியின் வழியாக எலும்பு, தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தைப் போலச் சுத்தமாகத் தெரிந்தது. விரல்கள் அவள் தலைமுடிக்குள் நுழைந்து, காய்ச்சல் கண்ட பிள்ளைக்குக் கோதுவதைப் போல மெல்லக் கோதின. பிறகு நெற்றியில் படிந்து, தலையைப் பலகையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"கத்தாதேடி. ஆடு பயந்துக்கும்," என்றாள் அக்கா காதருகே. "கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கோ. புது ஆளுன்னா அதைத்தான் முதல்ல கொத்தப் பார்க்கும்."

அவள் மூடிக்கொண்டாள்.

கன்னத்தின் மேல் சின்னதாக, குளிர்ந்த ஒரு கால் ஊன்றியது. பிறகு, இமையின் மேல் இன்னொன்று.