இமையைப் பார்த்து அழுத்தியவன்

"நான் இப்ப சத்தமே அனுப்பலையே... எதுக்கு சார் பட்டனை அழுத்துனீங்க?"

சோதனை அறைக் கதவைத் திறந்துகொண்டு அவள் கேட்டதும், உள்ளே ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவன் திருதிருவென்று விழித்தான். தகடு வெட்டும் தொழிற்சாலையின் மெக்கானிக் அவன். வருஷா வருஷம் நடக்கும் காது சோதனையில் இதுவரை மாட்டியதே இல்லை.

இந்த வருஷம் சோதிக்க வந்தவள் புதியவள். ஹெட்போனில் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அந்த ஒலியை அனுப்பும்போதெல்லாம் அவளுடைய இமை தானாகத் தாழ்ந்து எழும். அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து அதைப் பார்த்துத்தான் அவன் அழுத்திக்கொண்டிருந்தான்... சந்தேகப்பட்டு அவள் சும்மா இமைத்துப் பார்த்தாள். திருடன் அழுத்திவிட்டான்.

"உங்க கண்ணு அழகா இருக்குங்க. அதான் பாத்துட்டே இருந்துட்டேன்."

"ஐஸ் வைக்காதீங்க. மெல்லிய சத்தம் எதுவுமே உங்களுக்குக் கேக்கல. மிஷின் பக்கத்துல காதுக்குச் சத்தத்தைத் தடுக்கிற மஃப் போடுறதே இல்லையா?"

"அதப் போட்டா, மிஷினுக்கு என்ன கோளாறுன்னு நான் எப்படிக் கேட்டுக் கண்டுபிடிக்கிறது?"

"கேட்டுக் கேட்டுத்தான் பாதி காது போயிருக்கு. மிச்சத்தையாவது காப்பாத்துங்க. காதுக்குக் கருவி வைக்கணும்."

"வச்சா செவிட்டு மெக்கானிக்னு பேரு வைப்பானுங்க. அப்புறம் எவன் என்னை நம்பி மிஷினத் தொட விடுவான்?"

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு விருட்டென்று போய்விட்டான்.

போனால் போகட்டும், எனக்கென்ன... என்றுதான் நினைத்தாள். ஆனால், இத்தனை உற்று யாரும் தன் கண்ணைப் பார்த்ததில்லையே... பாழாய்ப்போன மனசு அதையே சுற்றிச் சுற்றி வந்தது.

மழை கொட்டிய ஒரு மாலையில் டவுனிலிருந்த அவளுடைய காது கிளினிக் வாசலில் தொப்பலாக நனைந்து நின்றான்.

"அக்கா கொழந்தைய என்கிட்ட விட்டுட்டுக் கடைக்குப் போயிருந்தா. நான் பக்கத்து ரூம்ல ஃபேன் மாட்டிட்டு இருந்தேன்... அழுது அழுது அதுக்குத் தொண்டையே கட்டிருச்சுங்க. எனக்குக் கேக்கவே இல்ல. மாமா வந்து தூக்குனாரு. ஒரு வார்த்தை திட்டல. அதத்தான் தாங்க முடியல."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு கருவிக்காக அவன் காதை அளவெடுத்தாள்.

கருவி வந்தது. அதன்பிறகு அவனும் வந்துகொண்டே இருந்தான்... கீச்சென்கிறது, அழுத்துகிறது என்று தினுசு தினுசாகச் சாக்கு.

"வேலை நேரத்துல இதக் கழட்டிட்டு மஃப் மாட்டுறீங்கதானே?"

"மாட்டுறேங்க. மொதல்ல சிரிச்சானுங்க. இப்ப எங்க சூப்பர்வைசரே ஒரு மஃப் கேட்டு வாங்கிட்டாரு. கோளாறு பாக்க, மிஷின்ல கைய வச்சாலே அதிர்வு தெரியுது."

கடைசிச் சோதனையன்று அவன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"இன்னிக்கு என் கண்ணைப் பாக்க முடியாது. நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லணும். கதவு."

"கதவு."

"சாவி."

"சாவி."

ஒவ்வொரு வார்த்தைக்கும் குரலைத் தாழ்த்திக்கொண்டே போனாள்.

"மழை..."

"மழை."

இனி அவன் வரச் சாக்கு இல்லை. மூச்சைவிடக் கொஞ்சமே உரக்க...

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

பதில் இல்லை. கேட்கவில்லை போலிருக்கிறது... நல்லதாய்ப் போயிற்று என்று நினைக்கும்போதே கண் கலங்கியது.

"திருப்பிச் சொல்லணும்னு சொன்னீங்கல்ல..." சுவரைப் பார்த்தபடியே சொன்னான். காது மடல் சிவந்திருந்தது. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

"எனக்குச் சரியாக் கேக்கல," என்றாள் அவள். "இன்னொரு தடவை..."

அவன் நாற்காலியைத் திருப்பி, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.