மிச்ச எண்ணெய்

“உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும்.”

“கேளன்.”

“முதல்ல உந்தச் சனியனை நிப்பாட்டுங்கோ. அது கத்தேக்க கேக்கேலாது.”

“நிப்பாட்டினா விறைச்சுப் போவம். நட்டும் கழலாது. சொல்லு, எனக்குக் கேக்குது.”

“கத்திச் சொல்லுற விசயம் இல்லையப்பா.” மனோரஞ்சிதம் சிரித்தாள். “எண்டைக்காவது அது ஓயும்தானே. அண்டைக்குக் கேக்கிறன்.”

போன மாசியில் நடந்த பேச்சு. கிரின்ஸ்டெட் நகரின் ஓரத்தில் இருந்த பாலேந்திராவின் கராஜில் அந்த ஹீட்டர் பதினாறு குளிர்காலங்களாக ஓய்ந்ததில்லை. வாகனங்களில் இருந்து வடித்த பழைய எண்ணெயைக் குடித்துக்கொண்டு, மூலையில் நின்று வேலை முடியும்வரை உறுமும். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து மனைவி மனோரஞ்சிதம் நாலு மணிக்கு வருவாள். அதன் முன்னால் நின்று கைகளை நீட்டிக் காய்வாள். கோடையிலும் சில்லென்றிருக்கும் கைகள் அவை. இரண்டு வளையல்களும் உரசும். சில நாட்களில் அந்தக் கையை அவர் பக்கம் நீட்டுவாள். “கை முழுக்க எண்ணெய்” என்று அவர் பின்னால் இழுத்துக்கொள்வார். பிறகு இருவரும் ஒரே காரில் வீட்டுக்குப் போவார்கள்.

கார்த்திகையில் அவள் இறந்துபோனாள்.

இன்று நாலு மணிக்கு, ஹீட்டரின் உறுமலுக்குள்ளே வளையல் சத்தம் கேட்டது.

தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் நின்ற பாலேந்திரா ஸ்பானரை மெல்லக் கீழே வைத்தார். வெளியே மார்கழி, அந்த நேரத்துக்கே நன்றாக இருட்டி, ஜன்னலில் மழைநீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. டயர் மணமும் டீசல் மணமும் எப்போதும்போல இருந்தன. ஆனால் அவற்றுக்கு அடியில், ஈரத்துணிக்குள் சுற்றிவைத்ததுபோல, வீட்டில் முப்பத்தொரு நாளும் அவள் படத்தின் முன்னால் எரிந்த விளக்கின் மணமும் இருந்தது. நல்லெண்ணெய். கருகிய திரி.

கைபேசி அடித்தது. தூரத்து இஷொய் நகரில் இருக்கும் மகள் சாரங்கி.

“அப்பா, அம்மாவின்ரை விளக்கில மிஞ்சின எண்ணெயை எங்க வைச்சனீங்கள்? சனிக்கிழமை அஸ்தியோட சேர்த்துக் கடலில விடவேணும்.”

“ஹீட்டர் தாங்கிக்குள்ள ஊத்திப்போட்டன், பிள்ளை.”

“என்ன?”

“எண்ணெய்தானே. ஏன் வீணாக்குவான்?”

“ஐயோ அப்பா! உங்களை விட்டா மீன் பொரிச்ச எண்ணெயையும் ஊத்துவியள்.”

“அதுவும் ஊத்தினனான்.”

அவள் சிரிக்கத் தொடங்கி, நடுவிலேயே நிறுத்தினாள். “அங்க ஆர் நிக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“அம்மாவின்ரை வளையல் மாதிரிச் சத்தம் கேக்குது. வளையல் என்ரை அலுமாரியில எல்லோ இருக்கு.”

“ஹீட்டர்தான் பிள்ளை. ஏதோ கழண்டு ஆடுது. பிறகு எடுக்கிறன்.”

கைபேசியைப் பைக்குள் வைத்தபோது அவருடைய மூச்சு வெள்ளைப் புகையாக வெளியே வந்தது. ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தது, அதை நோக்கி வைத்த ஒவ்வொரு அடிக்கும் குளிர் கூடியது, வழக்கமாகக் கிட்டப் போனால் கன்னத்தைச் சுடும் அந்தத் தகரத்தின் மேல் இப்போது பனி மெல்லிய தோல்போலப் படர்ந்திருந்தது. சுடரைப் பார்க்கும் சிறு கண்ணாடியில் குனிந்து பார்த்தார். உள்ளே சீறிச் சுழல வேண்டிய தீ இல்லை. ஒரேயொரு மஞ்சள் சுடர், விரல் உயரத்தில், ஆடாமல் நேராக நின்றது.

ஹீட்டரை நிறுத்தும் சிவப்பு ஆளியை அழுத்தினார். உறுமல் நிற்கவில்லை.

எண்ணெய்க் குழாயைப் பூட்டினார். நிற்கவில்லை.

பிளக்கை இழுத்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது உறுமிக்கொண்டேயிருந்தது. தாங்கிக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தார். உலர்ந்துபோய் வெளியே வந்தது.

பின்வாங்கினார். கதவுக்கு ஆறு அடி இருக்கும். போய்க் கைப்பிடியைப் பற்றினார். கீழே திருப்பினால் போதும். வெளியே கார் நின்றது.

அப்போதுதான் அது ஓய்ந்தது.

பதினாறு வருடங்களில் அந்த இடத்தில் வேலைநேரத்தில் அப்படி ஓர் அமைதியை அவர் கேட்டதில்லை. தகரக் கூரையில் மழை. அண்டைக்குக் கேக்கிறன் என்று அவள் சொன்னது.

ஆஸ்பத்திரியிலும் அவள் ஏதோ சொல்லப் பார்த்தாளாம். சாரங்கிதான் சொன்னாள். அவர் அங்கே இல்லை. தாதி தொலைபேசியில் கூப்பிட்டபோது ஒரு பிரேக் வேலை பாதியில் நின்றது. “கை கழுவிப்போட்டு வாறன்” என்றார். முடித்துவிட்டே போனார். போய்ச் சேர்ந்தபோது அவள் கைகளைத் துணியால் மூடியிருந்தார்கள். என்ன கேட்கவிருந்தாள்? அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் அதையே தன்னிடம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். இந்தக் கதவைத் திறந்து வெளியே போனால், இனி ஒருபோதும் தெரியாது.

கைப்பிடியை விட்டார்.

“ரஞ்சிதம்?”

வளையல் உரசியது.

ஹீட்டரின் அடியில், சாம்பல் வழிக்கும் சிறு கதவு. அதன் கொக்கி உள்ளிருந்து அசைந்தது. ஒருமுறை. இன்னொருமுறை. கழன்றது.

கதவு திறந்தது. சூடு வரவில்லை. வெளிச்சமும் வரவில்லை. நல்லெண்ணெய் மணம் மட்டும்.

விளிம்பில் ஒரு விரல். பிறகு நாலு. மணிக்கட்டுவரை கறுப்பு. விரல் நுனிகளில் இருந்து எண்ணெய், சொட்டுச் சொட்டாக, சீமெந்தில் விழுந்தது. முழங்கை வெளியே வந்தது. அதற்குப் பின்னால் தோள் இருக்க இடமில்லை. அந்தப் பெட்டிக்குள் ஒரு பிள்ளைகூட ஒடுங்க இடமில்லை.

கை அவர் பக்கம் திரும்பியது. விரிந்தது.

பாலேந்திராவின் வலது கை, அவரைக் கேட்காமலே, முதுகுக்குப் பின்னால் போனது.

“என்ரை கையும் எண்ணெய்தானே அப்பா,” என்றது உள்ளே இருந்து, கத்தாமல், மெதுவாக. “இப்பவாவது ஒருக்காப் பிடியுங்கோவன்.”