இரண்டு ஆள் சத்தம்

அந்த வண்டியின் கீச்சுச் சத்தம் இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் வரும். ஆனால் அன்று மாலை அவன் தனியாகத்தான் வந்துகொண்டிருந்தான். தெருமுனை வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறியது, அப்போது அவன் முதுகுக்குக் கீழே எங்கேயோ நனைந்த ரப்பரை முறுக்குவது போல நீளமாக, வலியோடு, "க்ரீ...ச்" என்றது. அவன் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். பின்சீட்டு காலியாக இருந்தது. ரப்பர் இறுகிவிட்டது, வேறென்ன என்று சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

அவனும் தம்பியும் சேர்ந்து ஓட்டிய வண்டி அது. ஒருவர் மட்டும் ஏறினால் ஊமை. தம்பி பின்னால் ஏறிவிட்டால் ஷாக் அப்சார்பரை வண்டியோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ் நசுங்கிக் கத்தும். சமையற்கட்டில் இருக்கும் அம்மாவுக்கு அது போதும். வாசல் கேட் பக்கம் கீச்சென்றால் இரண்டு தட்டு எடுத்து வைப்பாள், சத்தம் வராவிட்டால் ஒன்று. இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு திருப்பத்தில், ஒரு லாரி. ஓட்டிய அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் இருந்த தம்பி அங்கேயே போய்விட்டான். யார் மேலும் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பெரியவனுக்கு ஆயுசு கெட்டி என்றும் சொன்னார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதமே பக்கவாதம் அவளைக் கட்டிலில் தள்ளியது. நினைவு வருவதும் போவதுமாக ஆனது. வண்டியை விற்கிறேன் என்று அவன் வாயெடுத்த அன்று, அசையும் ஒரு கையால் கட்டில் சட்டத்தை அடித்து அடித்து அழுதாள். அதனால் வண்டி இருந்தது.

இப்போது அது தினமும் கத்தியது. தினமும் கேட் பக்கம் அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளே அம்மாவின் குரல் துள்ளும். "சின்னவன் வந்துட்டான்!"

அவன் உள்ளே போவான். மலர்ந்த முகம் அவனைக் கண்டதும் அப்படியே வாடிப்போகும்.

"நீயா."

அவ்வளவுதான். கேள்விகூட இல்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்து, பால்காரனைப் பார்த்துச் சொல்வதுபோல. ஒருமுறையாவது அவள் தன்னைப் பெரியவனாகவே பார்க்க வேண்டும், தன்னைத்தான் எதிர்பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஏக்கமாக இருந்தது. செத்தவனோடு போட்டி போடுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்தச் சத்தத்தைக் கொன்றுவிட முடிவு செய்தான்.

அவனுக்கு அது பெரிய காரியமும் இல்லை. உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்பவன். காலையிலிருந்து மாலை வரை ஊரார் வண்டிகளின் முனகலைக் கேட்டு மருந்து எடுத்துக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. செயினுக்குக் கெட்டியான செயின் ஆயில், கேபிளுக்குள் மெல்லிய ஆயில், ஸ்டாண்டுக்கு கிரீஸ். சத்தம் என்றாலே துரு நீக்கும் ஸ்ப்ரேயைத்தான் எல்லோரும் கேட்பார்கள். "அது துருவுக்கு சார், சத்தத்துக்கு இல்ல. உள்ள இருக்கிற கிரீஸையும் கழுவி விட்டுரும். மூணு நாள் சும்மா இருக்கும், நாலாம் நாள் ஊரையே கூப்பிடும்" என்று கிளிப்பிள்ளை போலச் சொல்லுவான். தன் வண்டிக்கு என்று வந்தபோது அவசரத்தில் அதையேதான் அடித்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

சில நாள் அமைதி. பிறகு அது முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. இப்போது பள்ளத்தில் மட்டும் இல்லை. சமமான சாலையிலும், யாரோ பின்னால் சௌகரியமாக நகர்ந்து உட்கார்வது போல, சின்னதாக ஒரு கீச்சு. சிறிது இடைவெளி. மறுபடி ஒரு கீச்சு.

அவன் கடைக்குப் பக்கத்துப் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். மெக்கானிக்கைக் கட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம், வாய் நீளம். கட்டை அவனை ஏறி உட்காரச் சொல்லி, வண்டியை அழுத்தி அழுத்திப் பார்த்தான். சத்தமே இல்லை.

"உன் ஒருத்தன் வெயிட்டுக்கு இது கத்தாதுடா."

"கத்துதே. தினமும் கத்துது."

"அப்போ யாரை ஏத்திக்கிட்டு சுத்துற? சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

கட்டை சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஷாக்கைக் கழற்றி, புஷ்ஷை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது கட்டையின் சிரிப்பும் நின்றுவிட்டது.

"விபத்துக்கு அப்புறம் நான்தானே புதுசு போட்டேன்? இப்படித் தேஞ்சிருக்கு! தினம் ரெண்டு ஆள் போற வண்டிடா இது."

"மூடிட்டு வேலையைப் பாரு."

சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப் பாழாகிவிடும். அதற்கு ஏற்றது சிலிகான் கிரீஸ்தான். கடையிலிருந்து அவனே எடுத்து வந்திருந்தான். கட்டை புஷ்ஷைத் துடைத்து, அந்த வெள்ளைப் பசையை விரலால் வழித்து உள்ளும் புறமும் பூசி மாட்டினான். "இனி உயிரே போனாலும் கத்தாது, போ" என்றான்.

தூறல் ஆரம்பித்திருந்தது. ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். முதல் பள்ளம். அமைதி. வேகத்தடை. அமைதி. டயர் தண்ணீரைக் கிழிக்கும் ஓசையும், கோட்டில் தூறல் படபடப்பதும் மட்டுமே கேட்டன. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கணம் மனம் நிமிர்ந்தது. கேவலமான ஜெயம்தான், இருந்தாலும் ஜெயம்.

அப்புறம்தான் ஹெட்லைட்டைக் கவனித்தான். வெளிச்சம் சாலையில் விழவில்லை. மாடி ஜன்னல்களில் விழுந்தது. பின்பக்கம் பாரம் இருந்தால்தான் முன்விளக்கு அப்படி மேலே தூக்கும்.

கட்டை எதையோ தப்பாக மாட்டிவிட்டான். அதுதான். திருப்பத்தில் வண்டி அவன் சாய்த்த அளவுக்கு மேல் சாய்ந்தது. தம்பி அப்படித்தான் கூடச் சாய்வான். திரும்பிப் பார்க்கலாம். பார்க்கவில்லை. இத்தனை நாளும் பின்னால் இருப்பது எங்கே இருக்கிறது என்று அந்தச் சத்தமாவது சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

வீடு. கேட். இறங்கினான். வாசல் விளக்கில் சீட்டு தெரிந்தது. டேங்க் முழுக்க நீர் முத்துகள். அவன் உட்கார்ந்திருந்த இடம் காய்ந்திருந்தது.

பின்சீட்டும் காய்ந்திருந்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினான். அம்மா கதவைப் பார்த்தபடி படுத்திருந்தாள். சத்தம் கேட்காததால் முகத்தில் எந்தப் பரபரப்பும் இல்லை. அவனைப் பார்த்தாள். கண்கள் அவனிடத்திலேயே நின்றன.

"பெரியவனா? வாடா. நல்லா நனைஞ்சிட்டியா?"

எட்டு மாதம். வாசலும் வண்டியும் மறந்துபோயின. கட்டிலருகே மண்டியிட்டு அவள் தோளோரம் முகத்தைப் புதைத்து, குழந்தை மாதிரி அழுதான். அவள் அசையும் கையைத் தூக்கினாள்.

"தனியாவா வந்த?"

"ஆமாம்மா. நான் மட்டும்தான்."

அம்மா சிரித்தாள்.

"பொய் சொல்றான் பாரு" என்றாள். அது அவனிடம் சொன்னது இல்லை.

அவன் அழுகை நின்றது.

"எவ்வளவு நேரம்டா அண்ணன் முதுகுலயே தொத்திக்கிட்டு இருப்ப? அவனுக்கு வலிக்கும்ல. இறங்கு."

அவன் நகர முயன்றான். முடியவில்லை. வயிற்றைச் சுற்றி ரெயின்கோட்டு மடிப்பு மடிப்பாக உள்ளே இறுகியது. இடது தோளில் ஒரு பாரம். கூர்மையாக. ஒரு மோவாயின் அளவு.

அம்மாவின் கை அவன் காதைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது. விரல்கள் நிதானமாக, ஆசையாக, முடியைக் கோதிக்கொண்டிருந்தன. ஈரமுடி விரலிடுக்கில் வழுக்கும் ஓசை அவன் காதுக்கு மிக அருகே கேட்டது.

அவன் தலையில் அந்த விரல்கள் படவே இல்லை.